கூடைக்கு அடியில் ஒரு சீட்டு

கொமாத்ரே வியாழனுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிட்டு, எலோதியா ஏழு கூடைகளைக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் சர்க்கரைப் பாகு பூசிய வளைய ரொட்டி நான்கு, பீச் பழம், தக்காளி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. விளிம்பைச் சுற்றித் திருநீற்றுப்பச்சிலைக் கொத்து, கைப்பிடியில் கலர்க் காகித நாடா. பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரொட்டிக்கு அடியில்தான் விஷயம் இருந்தது. ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சீட்டு. அதில் ஒரு பெயரும் ஒரு நேரமும்.

தெமெத்ரியோ கதவோரம் நின்று மனைவியின் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு இதெல்லாம்?"

"ரெண்டு வருஷமா எனக்கு டிமிக்கி குடுக்கிற ஏழு பேருக்கு. நாளைக்கு மார்பைப் படம் எடுக்கிற வண்டி வருதுல்ல."

"கூடையைக் காட்டிப் பிடிக்கப் போறியா? இது ஏமாத்து வேலை இல்லையா?"

"இதுல என்ன ஏமாத்து? ரொட்டி நெஜம், பழம் நெஜம். சீட்டும் நெஜம்தான்."

அவன் கூடைகளை ஒரு தடவை எண்ணினான். "ஊருக்கெல்லாம் நீ அனுப்பற. உனக்கு யாரு அனுப்பறது?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் எலோதியாவின் விரல் நாடாவின் முடிச்சில் ஒரு கணம் நின்றது. பிறகு தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டியது.

அவர்கள் விட்டுவந்த சொந்த ஊரான தாரிஹாவில் பிறந்த எவளும் கொமாத்ரே கூடையைத் திருப்பி அனுப்பமாட்டாள். கார்னிவலுக்கு முந்தின வியாழக்கிழமை ஒருத்தி அனுப்பின கூடையை இன்னொருத்தி கை நீட்டி வாங்கிவிட்டால், அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. சொந்தச் சகோதரியோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக்கூடாது. வாடி போடி எல்லாம் போய் 'நீங்க' வந்துவிடும். வாங்கின கூடைக்குப் பதில் கூடை கொடுத்தே ஆகவேண்டும். பழத்தை எடுத்துக்கொள்கிறேன், ரொட்டி வேண்டாம் என்று பொறுக்குகிற பேச்சும் கிடையாது. வாங்கினால் உள்ளே இருப்பது எல்லாம் வாங்கினதுதான். எல்லை தாண்டி வந்து, லா பிளாத்தா நகரத்துக்கு வெளியே பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் லெட்டூஸ் கீரையும் குடைமிளகாயும் பயிர் போட்டு முப்பது வருஷம் ஆனபிறகும் அந்த வழக்கத்தை ஒருத்தியும் விடவில்லை. அந்த வழக்கத்தின் மடியில்தான் எலோதியா சீட்டை ஒளித்து வைத்தாள்.

இரண்டு வருஷங்களுக்கு முன் சுகாதார நிலையத்து நர்ஸ் கரீனா அவளைக் கூப்பிட்டு, "நான் போய்ச் சொன்னா தலையாட்டறாங்க, ஆனா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. நீங்க சொல்லிப் பாருங்க, உங்க ஜனம்தானே" என்றாள். எலோதியா சொல்லிப் பார்த்தாள். தோல்நிறக் காலுறையில் மார்பு வடிவில் பஞ்சை அடைத்து, நடுவில் கட்டிக்குப் பதிலாக ஒரு கொண்டைக்கடலையை வைத்துத் தைத்து, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனாள்.

"இது யாரோடது எலோதியா? அளவைப் பார்த்தா உன்னோடது மாதிரி இல்லையே."

"ஜோடி எங்க? ஒத்தையாவா வித்துக்கிட்டுத் திரியற?"

அவள் சிரிக்க விடுவாள். சிரித்து முடிந்ததும் காலுறையைக் கையில் கொடுத்துக் கடலையைத் தேடச் சொல்லுவாள். எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் ஏப்ரன் பையிலிருந்து ஒரே ஒரு லெட்டூஸ் விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள்.

"கடலை ஆனப்புறம் உன் கைக்கே தெரியும். இந்த விதையா இருக்கும்போது கைக்குத் தெரியாது, மிஷினுக்குத்தான் தெரியும். விதையில பிடிச்சா களை. வளரவிட்டா காடு. அம்பது தாண்டினவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போகணும். காசு கிடையாது."

விதையைப் பற்றித் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. அந்தப் பேச்சு எடுபட்டது. இதுவரை இருபத்திரண்டு பெண்களை அவள் வண்டியில் ஏற்றி இறக்கியிருந்தாள்.

அவள் மட்டும் ஏறினதில்லை.

முதல் கூட்டத்திலேயே கால்வாய்க்கு அந்தப் பக்கத்து நியேவெஸ் கேட்டாள். "நீ எடுத்துக்கிட்டியா?" அறுபதை நெருங்கினவள், குடைமிளகாய் போடுகிறவள், காயை வெளியிலிருந்து பார்த்தே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். எலோதியா யோசிக்கக்கூட இல்லை. "எடுத்துக்கிட்டேனே. நகரத்துல, பெரிய ஆஸ்பத்திரியில." சொன்னபிறகு அந்தப் பொய் தனியாக நிற்கமாட்டேன் என்று துணை கேட்டது. படுக்கவைத்து எடுத்தார்கள் என்றாள். பச்சைத் திரை போட்டிருந்தது என்றாள். கொசு கடித்த மாதிரிதான், அதற்குமேல் வலி இல்லை என்றாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பச்சைத் திரை அவளுக்கே நன்றாக ஞாபகம் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளும்போது அவளுக்கு முதலில் நோய் நினைவுக்கு வருவதில்லை. இருபத்துநான்கு வயதில், மூத்தவளைப் பெற்றுக் கிடந்த ஒரு பிரசவ வார்டு நினைவுக்கு வரும். ஒரு டாக்டர் ஆறு மாணவர்களோடு வந்து, கேட்காமல் கொள்ளாமல் போர்வையை விலக்கி, அவள் உடம்பைக் காட்டி எதையோ விளக்கிவிட்டு, "எல்லை தாண்டி வர்ற பொண்ணுங்க இப்படித்தான். எவ்வளவு வலிச்சாலும் வாயத் திறக்காது" என்றார். மெச்சுகிற குரலில்தான் சொன்னார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது சரியாகப் போயிற்றே என்பதுதான் பிற்பாடு அவளைத் தின்றது. அதற்குப் பிறகு அவள் எல்லோரிடமும் பேசினாள். லாரிக்காரனிடம், பள்ளித் தலைமையாசிரியையிடம், அடையாள அட்டை அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனிடம். எலோதியாவின் வாய் என்றால் மொத்தக் கூடாரங்களுக்கும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தால் போதும். அந்த இருபத்துநான்கு வயதுப் பெண் வந்து உள்ளே மல்லாந்து படுத்துக்கொள்வாள், வாயை மூடிக்கொண்டு.

அதை விளக்குவதைவிடப் பொய் சுலபமாக இருந்தது. இப்போது பொய்யை விடுவது கஷ்டமாக இருந்தது. 'அவளே போகலையாம்' என்கிற ஒரு வாக்கியம் போதும். ஆலங்கட்டி மழை பிளாஸ்டிக் கூரையைக் கிழிப்பதுபோல இரண்டு வருஷ வேலையை ஒரே சாயங்காலத்தில் கிழித்துவிடும். அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. நாற்றங்காலில் விதை தூவும்போதெல்லாம் உள்ளங்கையை ஒரு நொடி அதிகமாகப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆறு கூடைகள் சிரிப்பும் கட்டிப்பிடிப்புமாகப் போய்ச் சேர்ந்தன. சீட்டைக் கண்டுபிடித்தவர்கள் திட்டினார்கள், ஆனால் வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது நியேவெஸுக்கு.

நியேவெஸ் கூடையை வாங்கினதும் பழத்தைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்க்கவில்லை. கையை நேராக அடியில் விட்டாள்.

"ரொட்டிக்குக் கீழ என்னடி வெச்சிருக்க?"

"வாங்கிட்டீங்க. இனிமே டி போடக்கூடாது, கொமாத்ரே."

நியேவெஸ் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "பதினொண்ணு இருபது. எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"தேடினாத்தான் நோய் வரும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நான் தேடல, அதுவும் வரல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்றதில்ல."

"கூடையைத் திருப்பிக் குடுக்கறீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?" நியேவெஸ் ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். அவள் இவ்வளவு லேசில் சிரித்ததே எலோதியாவுக்கு உறுத்தலாக இருந்தது. "பதில் கூடை உண்டுல்ல?"

"அடுத்த வருஷம் குடுத்தாப் போதும்."

"அடுத்த வருஷம் நான் இருக்கேனோ, நீங்க இருக்கீங்களோ" என்றாள் நியேவெஸ், வாயில் ரொட்டியோடு.

வண்டி சுகாதார நிலையத்துக்குப் பக்கத்துக் கால்பந்து மைதானத்தில், கோல் கம்பத்துக்கு அருகே நிழலில் நின்றிருந்தது. நாளைத் தேர்ந்தெடுத்தவள் எலோதியாதான். கொமாத்ரே வியாழனன்று பெண்கள் எப்படியும் கூடுவார்கள், கூடுகிற இடத்தில் வண்டி நின்றால் நல்லது என்று கரீனாவை ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். ஒரே ஒரு சிக்கல் பவுடர். அன்று ஒருத்தி முகத்தில் ஒருத்தி பவுடர் பூசாமல் கொண்டாட்டம் கிடையாது. ஆனால் உடம்பில் பவுடர் இருந்தால் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், பார்க்கிற டாக்டர் இல்லாததை இருப்பதாக நினைத்துவிடுவார். அதனால் எலோதியா ஒரு சட்டம் போட்டாள். வண்டியிலிருந்து இறங்கினவளுக்குத்தான் பவுடர்.

சட்டம் அவள் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. வெள்ளைக் கன்னத்தோடு திரிகிறவள் முடித்துவிட்டவள். கன்னம் கறுப்பாக இருக்கிறவளைப் பார்த்து முடித்தவர்கள் கேலி செய்தார்கள். "என்ன, இன்னும் வேகலையா?" என்றார்கள். பத்தரை மணிக்கெல்லாம் மைதானத்தில் பாதிப் பேர் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள்போல இருந்தார்கள். எலோதியா பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள், பயந்தவள் முதுகைத் தட்டினாள், ஓடினாள். தன் கன்னம் சுத்தமாக இருப்பதை யாரும் கவனிக்காத வேகத்தில் ஓடினாள்.

பத்தே முக்காலுக்கு நியேவெஸ் வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு கூடை. மைதானத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடமாகப் பார்த்து நின்றாள்.

"கொமாத்ரே எலோதியா. உங்களுக்குப் பதில் கூடை."

"அடுத்த வருஷம்னு சொன்னேனே."

"ஒரு வருஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வாங்குங்க. கை வலிக்குது."

எலோதியா வாங்கினாள். வாங்காமல் முடியாது. சிவப்புக் குடைமிளகாய், கீரைக்கட்டு, ஆறு முட்டை. அடியில் என்ன இருக்கும் என்று கை போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் உறை. சீட்டில் நியேவெஸின் பெரிய பெரிய எழுத்தில் அவள் பெயர். பதினொரு மணி.

"சத்தமாப் படிங்க. குரலுக்கா உங்ககிட்ட பஞ்சம்?"

"எனக்குத்தான் ஏற்கெனவே..."

"ரெண்டு வருஷம் ஆச்சே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னது யாரு? கரீனாகிட்ட, எங்க எலோதியா ஊருக்காக ஓடி ஓடித் தன் முறையை மறந்துட்டாங்க, ஒரு சீட்டு குடும்மான்னேன். பாவம், உடனே குடுத்துட்டா."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எலோதியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. நியேவெஸ் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் உண்மையாகவே இருந்தாலும் தப்பிக்க முடியாதபடி, எலோதியாவின் பாடத்தையே எடுத்து அவள் மேலேயே போட்டுவிட்டாள்.

அப்போது ருஃபினா படியிறங்கி வந்தாள். காலையில் கூடை வாங்கினவர்களில் ஒருத்தி இல்லை, போன வருஷமே போய்வந்த முதல் பெண். இந்த வருஷம் அக்காவுக்குத் துணையாக வண்டிக்குள் போயிருந்தாள். அவளைத் தலையிலிருந்து கழுத்துவரை பவுடரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எலோதியா தன்னையறியாமல் அந்தப் பக்கம் நடந்தாள். தன்னையறியாமல் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் கால்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "ருஃபினா, என் கண்ணு" என்று அவளை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பவுடர் சட்டைக் கழுத்துக்குள் சரிந்து இறங்கியது. குளுகுளுவென்று, ஒரு மன்னிப்பு மாதிரி.

"அடடா" என்றாள் எலோதியா, மிகுந்த துக்கத்தோடு. "பவுடர் பட்டுடுச்சே. படத்துல புள்ளி விழுமே. என்ன பண்றது, அடுத்த தடவை வண்டி வரும்போதுதான்."

நியேவெஸ் தோள்பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். அப்புறம் ஒரு சோப்பை எடுத்தாள்.

"இப்படி ஏதாவது நடக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் கைப்பம்பு. மறைவுக்கு ஒரு தகரத் தடுப்பு. நியேவெஸ் பம்பை அடித்தாள், எலோதியா சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து கழுவிக்கொண்டாள். தண்ணீர் பிப்ரவரி வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றாள் எலோதியா, நிமிராமல்.

"போன வருஷத்திலிருந்து. படுக்கவெச்சு எடுத்தாங்கன்னீங்க. ருஃபினா போயிட்டு வந்து, நின்னுக்கிட்டேதான் எடுத்தாங்கன்னா. சரி, பெரிய ஆஸ்பத்திரியில வசதியாப் படுக்கவெச்சிருப்பாங்கன்னு மத்தவங்க விட்டுட்டாங்க. நான் விடல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

நியேவெஸ் பம்படிப்பதை நிறுத்தினாள். கிண்டல் அவள் முகத்தைவிட்டு ஒரு நிமிஷம் எங்கேயோ போயிருந்தது.

"எனக்கும் அது வேண்டியிருந்தது, கொமாத்ரே. நீங்க போகாத வரைக்கும் நானும் போக வேண்டாம்ல? எனக்குள்ள ஒருத்தி, எலோதியாவே போகலையே, உனக்கென்னன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நல்ல சௌகரியம். அப்புறம் போன மாசம் அறுபது முடிஞ்சது. அவ சொல்றது சலிச்சுப்போச்சு."

எலோதியா சோப்பு நுரையோடு நின்றாள். தன் பொய் தன்னை மட்டும் மறைக்கிறது என்று நினைத்திருந்தாள். அதன் நிழலில் இன்னொருத்தியும் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. இருபத்திரண்டு பேரை எண்ணினவளுக்கு இந்த ஒருத்தி கணக்கில் வரவே இல்லை.

"எனக்கு உள்ள போனா வாய் வராது" என்றாள் மெதுவாக. "பயமா இருக்கு."

"உங்களுக்கா? வாய் வராதா?" நியேவெஸ் துண்டை அவள் முதுகில் போட்டு அழுத்தித் துடைத்தாள். "அந்த மிஷினுக்கு இன்னிக்கு நல்ல காலம். வாங்க, நான் படியில நிக்கறேன்."

வண்டிக்குள் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பெயர், வயது, குழந்தைகள் என்று கேட்டு எழுதினாள். கதவு மெல்லிய தகடு. வெளியே படியில் உட்கார்ந்திருந்தவர்கள் முட்டையை எப்படிப் பங்கிடுவது என்று பேசுவது வரிவரியாகக் கேட்டது. இங்கே பேசுவதும் அங்கே அப்படித்தான் கேட்கும்.

"இதுக்கு முன்னாடி மேமோகிராம் எடுத்திருக்கீங்களா?"

முணுமுணுத்தால் போதும். தலையை அசைத்தாலே போதும். அந்த இருபத்துநான்கு வயதுப் பெண் உள்ளே வந்து படுக்க இடம் தேடினாள். எலோதியா அவளைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. இந்த வண்டியில் படுக்க இடம் கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும்.

"இல்ல" என்றாள். சத்தம் போதாது என்று தோன்றியது. "இல்லம்மா. இதான் முதல் தடவை. நான் எடுத்துக்கிட்டதே இல்ல."

படியில் முட்டைப் பேச்சு நின்றது.

அப்புறம் ருஃபினாவின் குரல். "அப்ப அந்தப் பச்சைத் திரை?"

"அது அவங்க வீட்டுச் சமையலறைத் திரை" என்றாள் நியேவெஸ்.

வெளியே எழுந்த சிரிப்பில் வண்டி லேசாக ஆடின மாதிரி இருந்தது. எலோதியா ஆலங்கட்டி மழைக்காகக் காத்திருந்தாள். கிழிகிற சத்தம் எதுவும் வரவில்லை. "நம்மள அனுப்பிட்டு இவ கூடாரத்துல ஒளிஞ்சிருக்கா பாரு" என்று யாரோ சொன்னாள். இன்னொருத்தி, "பரவால்ல, நம்மளவிடப் பயந்தவ ஒருத்தி இருக்கா" என்றாள், ஏதோ பரிசு விழுந்ததுபோல.

படிவம் எழுதின பெண் மிஷினைச் சரிசெய்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் எலோதியா. குரல் வந்துவிட்டது. "தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடும்மா. என்ன பண்றேன்னு சொல்லிக்கிட்டே பண்ணு."

"சரிங்க. இப்ப உங்க தோளைப் பிடிக்கப் போறேன். கொஞ்சம் முன்னால வாங்க. இந்தத் தட்டு மேலேர்ந்து இறங்கும், அழுத்தும். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

"சொல்லுவேன்" என்றாள் எலோதியா. முப்பது வருஷம் கழித்துச் சொன்னாள்.

தட்டு இறங்கியது. வலித்தது.

"மூச்சைப் பிடிச்சுக்குங்க. இப்ப பேசாதீங்க."

அவள் பேசவில்லை. இந்தத் தடவை அது அவளுடைய மௌனமாக இருந்தது.

சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது, முடிவு மூன்று வாரத்தில் சுகாதார நிலையத்துக்கு வரும் என்றாள் அந்தப் பெண். மூன்று வாரம் என்பது லெட்டூஸ் நாற்று எடுத்து நடுகிற கால அளவு. எலோதியா அதை மனதுக்குள் குறித்துக்கொண்டாள். பயம் போய்விடவில்லை. பயத்துக்கு இப்போது ஒரு தேதி கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

படியில் நின்று எல்லோரையும் பார்த்தாள்.

"கொசுக்கடின்னு சொன்னேன்ல, அதுவும் பொய். தக்காளிப் பெட்டி மூடியில விரல் மாட்டின மாதிரி இருக்கு. ஆனா அஞ்சு எண்ணறதுக்குள்ள விட்டுடுது. இனிமே இப்படித்தான் சொல்லப் போறேன்."

"இன்னும் என்னென்ன பொய் சொல்லியிருக்கீங்க?" என்றாள் ருஃபினா, இரண்டு கைகளிலும் பவுடரை அள்ளிக்கொண்டே. பதில் சொல்வதற்குள் எலோதியாவின் முகம், முடி, காதில் செருகியிருந்த பச்சிலை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கரீனா பட்டியலோடு கதவருகே நின்றிருந்தாள்.

"பதினொண்ணு இருபது. நியேவெஸ் கரேகா."

நியேவெஸ் எழுந்திருந்தாள். வண்டியின் கதவைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். காலையிலிருந்து ஊரையே ஆட்டிவைத்த அந்த முகத்தில் இப்போது ரத்தமே இல்லை. ஏதோ நாடாவைச் சரிசெய்கிறவள்போலத் திரும்பி, பெஞ்சின் மேல் திறந்திருந்த பவுடர் டப்பாவை நோக்கி ஒரு கையை மெல்ல நகர்த்தினாள்.

விரல் டப்பாவைத் தொடுவதற்குள் எலோதியா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சோப்பு இன்னும் ஈரமாத்தான் இருக்கு, கொமாத்ரே" என்றாள்.